குதிரை வாங்க ஆசை, அப்பாவின் ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை

பவானிக்கரைப் பெண்:
வணக்கம்ங்க. எனக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நாலு எருமை, இரண்டு மாடு உண்டு. எனக்கு ஒரு குதிரை வேண்டும். சின்ன வயதில் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு அப்பா கூட்டிப்போய்க் குதிரைச் சந்தையைக் காட்டினார். அன்று பிடித்த ஆசை, இன்னும் விடவில்லை.

போன ஆடியில் ஒரு செவலைப் பெட்டைக் குதிரையைப் பார்த்தேன். மார்வாரி இனம். இரண்டு காது நுனியும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கையை நீட்டினேன். முதலில் ஊதிப் பார்த்தது, அப்புறம் மூக்கை அப்படியே என் உள்ளங்கையில் வைத்துவிட்டது. எருமைக்கன்றின் காதுக்குள் தொட்டால் எப்படி இருக்கும், அவ்வளவு மெது. விலை கேட்டதும் அப்பா பேசாமல் என் தோளைப் பிடித்து நகர்த்தினார். அந்த விலைக்கு ஆசைப்படவில்லை. ஒரு மட்டக்குதிரை போதும்.

பால் கணக்கு எழுதுவதற்கு அப்பா கொடுக்கும் காசைச் சேர்த்து 23,400 ரூபாய் வைத்திருக்கிறேன். கட்டுத்தறிக்குப் பின்னால் 12 அடிக்கு 12 அடி இடம் சும்மா கிடக்கிறது, நானே அளந்தேன். அரை ஏக்கரில் மாட்டுக்குப் போட்ட கோ-4 தீவனப்புல் இருக்கிறது, தீவனத்துக்குக் கவலையில்லை. அப்பா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ காலேஜுக்குப் போயிட்டா அதை யார் பார்ப்பா?" ஒரு வாரமாக யோசிக்கிறேன். குதிரை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள், நான் அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஜட்காக்காரர் பேரன், பழனி:
தங்கச்சி, எங்கள் தாத்தா பழனி அடிவாரத்தில் 40 வருடம் குதிரை வண்டி ஓட்டியவர். இப்போது வண்டி இல்லை, ஒரு பெட்டை மட்டும் வீட்டில் நிற்கிறது. அதனால் சொல்கிறேன், வாங்கும் காசு பெரிதில்லை. எனக்கு ஒரு குதிரைக்கே கொள்ளு, தவிடு, புல் என்று மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. லாடம் கட்டுகிறவர் திண்டுக்கல் பக்கமிருந்து வர வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவாவிட்டால் நடையே கோணிப்போகும். அவர் வராத மாதம் எனக்குத் தூக்கம் இருக்காது.

சந்தையில் சுழி நல்ல சுழி, ராசியான குதிரை என்று பேசுவார்கள். சுழியை விடு, நாலு காலையும் தூக்கிப் பார். உள்ளங்குளம்பில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அந்தக் குதிரை ஈரத்திலேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம். காலைத் தூக்கவே விடாத குதிரையைத் தொடாதே.

கால்நடை மருத்துவர், ஈரோடு:
இடம் அளந்தது சரிதான் பாப்பா, ஒரு குதிரைக்கு 12-க்கு 12 போதும். ஆனால் தீவனத்துக்குக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குப் பயம். கோ-4 மாதிரியான நேப்பியர் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாடு தாங்கும். குதிரைக்கு நாள்கணக்கில் அதையே போட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் எலும்பு கெடும், முகமே வீங்கிப்போகும். அருகம்புல் கிடைக்குமா என்று பார். இளஞ்சோளத்தட்டு வேண்டவே வேண்டாம். மாட்டுத் தீவன மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் போடும் பழக்கமும் வேண்டாம். சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்தைச் சேர்த்திருப்பார்கள், அது குதிரையைக் கொன்றுவிடும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலி வந்தால் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், மண்ணைப் பறிக்கும், படுத்துப் புரளும். அந்த நேரத்தில் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. தனுர்வாத ஊசியையும் விடக் கூடாது, குதிரைக்கு அந்த நோய் சுலபத்தில் வரும்.

உனக்கு இன்னொரு வழியும் உண்டு. என்.சி.சி.யில் குதிரைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் அது உண்டு. பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்திருக்கிறாயா?

கருப்பியின் அக்கா:
உன் அப்பா கேட்ட கேள்வியை என் அப்பா கேட்கவில்லை. எனக்கு 15 வயதில் மட்டக்குதிரை வாங்கித் தந்தார். கருப்பி. என் மோட்டார் பம்ப் சத்தத்துக்கும் பக்கத்துத் தோட்டத்து பம்ப் சத்தத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். எங்கள் பம்ப் போட்டால்தான் கனைப்பாள், தண்ணீர் தொட்டிக்கு நான் வருவேன் என்று.

பிளஸ் டூ முடிந்து விடுதிக்குப் போனேன். ஆறு மாதம் அப்பா சமாளித்தார், முடியவில்லை, விற்றுவிட்டோம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தேன். முதுகில் சேணம் உராய்ந்து இரண்டு கை அகலத்துக்குப் புண். கூப்பிட்டேன். காதைத் திருப்பினாள், கனைக்கவில்லை. திருப்பி வாங்க அன்று என்னிடம் காசு இல்லை. குதிரை 25 வருடம்கூட இருக்கும் தங்கம். உனக்கு இப்போது கையில் இருப்பது இரண்டு வருடம். அப்பாவிடம் பதில் சொல்வதற்கு முன்னால் இதை மட்டும் நினைத்துக்கொள்.

பவானிக்கரைப் பெண்:
எல்லாருக்கும் நன்றிங்க. கருப்பி அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன், அப்புறம் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் எருமைக்குத் தண்ணீர் காட்டினார். டாக்டர் சார், உயிரியல்தான் எடுத்திருக்கிறேன்.

இப்போதைக்கு வாங்கவில்லை. காசு அப்படியே இருக்கட்டும். பழனி அண்ணா, உங்கள் வீட்டுக் குதிரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா? அப்பாவும் வருகிறேன் என்கிறார். சாணி அள்ளுவது எனக்குப் பழக்கம்தான். குளம்பு சுத்தம் செய்வதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜட்காக்காரர் பேரன், பழனி:
தாராளமாக வா, அப்பாவோடு வா. வெயிலுக்கு முன்னால் 6 மணிக்கே வந்துவிட்டால் குளிப்பாட்டும்போது கூட நிற்கலாம். வரும்போது ஒரு கட்டு அருகம்புல் மட்டும் கொண்டுவா. புதிதாக வருகிறவர்களின் கையைத்தான் அவள் முதலில் பார்ப்பாள்.