பள்ளத்தில் மீன் விடலாமா?

கேள்வி (கோவைவாசி):
எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம், அதாவது சின்ன ஓடை, ஓடுகிறது. சின்ன வயதில் அதில் துண்டை விரித்து அயிரை பிடித்ததாக அப்பா சொல்வார். அப்புறம் சாக்கடைதான். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் இறங்கிக் குப்பை அள்ளுகிறோம். மேலே கலந்துகொண்டிருந்த கழிவுநீர்க் குழாயும் போன வருடம் அடைபட்டது. இப்போது தண்ணீர் தெளிந்திருக்கிறது. கொசுவுக்கு கம்பூசியா விடலாம் என்கிறார் ஒருவர், கட்லா விடலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு அயிரை திரும்பி வந்தால் போதும். என்ன செய்யலாம்?

பதில் (மீன்தொட்டி):
முதலில், தயவுசெய்து எதையும் விட்டுவிடாதீர்கள். கட்லா கங்கைப் பக்கத்து மீன். கம்பூசியா வட அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். எங்கள் ஊர்க் குட்டையில் யாரோ ஜிலேபி மீன் (திலாப்பியா) விட்டார்கள். நான்கே வருடத்தில் வலையில் வேறு மீனே விழவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொசுப்புழு தின்ன நம் மீனே உண்டு. விரல் நீளம்கூட இருக்காது, தலை உச்சியில் வெள்ளைப் பொட்டு மின்னும். காலையில் கரைப் புல்லோரம் அசையாமல் நின்று பாருங்கள். தண்ணீருக்கு மேலாக ஒரு பொட்டு நகர்ந்தால் அதுதான்.

அயிரைக்கு மணல் வேண்டும். பகலில் கண் மட்டும் தெரிய மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீன் அது. அடியில் சிமெண்டுத் தளம் இருக்கிறதா? இருந்தால் அங்கே அதற்கு வாழ்வில்லை. தளம் முடியும் இடத்தில் தண்ணீர் விழுகிறதா என்றும் பாருங்கள். முக்கால் அடி உயரம் இருந்தாலே சின்ன மீன்கள் மேலே ஏறுவது கஷ்டம். கீழே கற்களைச் சரிவாக அடுக்கினால் வழி கிடைக்கும். வெள்ளநீர் போகும் பாதை என்பதால் மாநகராட்சியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கரையில் கோரை இருந்தால் பிடுங்காதீர்கள், குஞ்சுகள் ஒதுங்கும் இடம் அதுதான். நிழலுக்கு நீர்மருது வையுங்கள். வெயிலில் சூடான தண்ணீரில் உயிர்வளி குறைந்துவிடும்.

பதில் (காலாங்கரை, சிங்கப்பூர்):
இங்கே பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேரான சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். வேலைக்கு முன்னால் எந்தச் செடி, எந்தக் கல் அடுக்கு கரையைப் பிடித்து நிற்கும் என்று 60 மீட்டர் நீளத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தார்கள். நீங்களும் பத்து மீட்டரில் தொடங்குங்கள். நீர்நாய்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை, தாமாகவே வந்தன. ஒருநாள் காலை நடையில் குட்டி ஒன்று மீனை இரு கையாலும் பிடித்துத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

கோவைவாசி:
இன்று காலை போனேன். நாணலோரம் மூன்று வெள்ளைப் பொட்டுகள்! அப்பாவையும் கூட்டிப்போய்க் காட்டினேன். தளம் முடியும் இடத்தில் டேப் வைத்து அளந்ததில் ஒன்றேகால் அடி விழுகிறது. மாநகராட்சிக்கு மனு எழுதியாகிவிட்டது. கற்கள் எந்த அளவில் வேண்டும் என்று சொல்லுங்கள்.