ராத்திரி குளிர்ல டீஹியூமிடிஃபையர் (காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற மெஷின்) ஐஸ் கட்டுது, கோத்தகிரி

நாங்க கோத்தகிரில, பழைய கல்லு சுவர் வீடு. ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து வடக்கு பக்க பெட்ரூம்ல பீரோவுக்கு பின்னாடி கருப்பு கருப்பா பூஞ்சை, பெட்ஷீட்லாம் ஈர வாடை, பொண்ணுக்கு ராத்திரியானா வீசிங். ஹைக்ரோமீட்டர் (காத்து ஈரத்த அளக்கற மீட்டர்) 85%க்கு கீழ இறங்கவே மாட்டேங்குது. ஆன்ட்டி ஃபங்கல் பெயிண்ட் அடிச்சாச்சு, பீரோவ தள்ளி வெச்சாச்சு, ஏர் ப்யூரிஃபையரும் வாங்குனோம் (அது தூசியதான் புடிக்கும், ஈரத்துக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு கடைக்காரர் வாயே தொறக்கல). ஜன்னல தொறந்தா மிஸ்ட் உள்ள வருது, சாத்துனா கண்ணாடில தண்ணி வழியுது. இப்ப இருக்கறது 12 லிட்டர் கம்ப்ரசர் டைப் டீஹியூமிடிஃபையர், பகல்ல நல்லா இழுக்குது, ராத்திரி ரூம் 12 டிகிரிக்கு போனதும் காயில்ல ஐஸ் கட்டி நின்னுடுது. குளிருக்கு டெசிகன்ட் டைப்தான் (ஈரத்த உறிஞ்சற பொருள் வெச்ச மெஷின்) சரி, ஆனா கரண்ட் ஜாஸ்தி இழுக்கும். ஊட்டி, குன்னூர் பக்கம் யாராச்சும் டெசிகன்ட் மெஷின் ஒரு மழை சீசன் முழுக்க ஓட்டிருக்கீங்களா, ராத்திரியும் 60% கிட்ட கொண்டு வருதா?