தியானக் குழு நியாயம் கேட்கப் போகலாமா?

தென்றல்:
எங்கள் குழுவில் பதினைந்து பேர். ஏழு வருடமாக வாரம் ஒரு நாள் கூடி, ஒரு மணி நேரம் மௌனமாக உட்கார்ந்து, கொஞ்சம் பிரார்த்தனை செய்துவிட்டுக் கலைவோம். பல மதத்தினர் இருக்கிறோம், எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் வருகிறார்கள். நாங்கள் கூடும் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் நான்கு பெண்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது போன மாதம்தான் தெரிந்தது. உடனே பணம் திரட்டிக் கொடுத்தோம், அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் ஒப்பந்ததாரரிடம் போய்க் கேட்கலாம், அவர் மசியாவிட்டால் புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னதும் குழு இரண்டாகிவிட்டது. "உதவி செய்வது ஆன்மிகம், சண்டைக்குப் போவது அரசியல். இங்கே மனசு அடங்கத்தானே வருகிறோம்" என்றார் ஒரு பெரியவர். அவர் நல்ல மனிதர், அதிகமாகப் பணம் கொடுத்ததும் அவர்தான். எனக்கு அன்றைக்கு மௌனத்தில் உட்காரவே முடியவில்லை, துடைப்பத்தோடு வாசலில் நிற்கும் அந்த அம்மாதான் கண்ணுக்குள் நின்றார். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்? குழு உடையாமல் இதைக் கொண்டுபோக வழி உண்டா?

மணல்வீடு:
தென்றல், உங்கள் குழுவில் நடப்பது குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குள் மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அவர்களும் மௌனமாகக் கூடுபவர்கள்தான், ஓட்டெடுப்பு கிடையாது, எல்லார் மனமும் ஒன்றாகும்வரை காத்திருப்பார்கள். 1688இல் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு, மனிதரை விலைக்கு வாங்குவது தவறு என்று தங்கள் கூட்டத்துக்கே மனு எழுதினார்கள். அவர்களுடைய மேல்மட்டக் கூட்டங்கள் அதை ஓரமாக வைத்துவிட்டன. குவேக்கர்கள் யாரும் அடிமை வைத்திருக்கவே கூடாது என்று அந்தப் பகுதியின் மேல்மட்டக் கூட்டமான பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல். நடுவில் 88 வருடம்! அமைதி கெடக்கூடாது என்று ஒரு குழு காத்திருக்கும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

ஆனால் அந்த இடைவெளியில் ஜான் வுல்மன் என்று ஒருவர் இருந்தார், 1720இல் பிறந்து 1772இல் இறந்தவர். அடிமை வைத்திருந்த சக குவேக்கர்களின் வீடுகளுக்கே போய், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அப்படித் தங்கிய வீட்டில் அடிமைகள் தனக்குச் செய்த வேலைக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். யாரையும் திட்டவில்லை, விஷயத்தை விடவும் இல்லை. அந்தப் பெரியவரைக் கூட்டத்தில் மடக்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போங்கள், தனியாகப் பேசுங்கள். பதினைந்து பேரும் சம்மதிக்கும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை, குழுவின் பெயரைப் பயன்படுத்தாமல் நாலு பேராகப் போகலாம்.

கரிசல்காடு:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆன்மிகம் ஒரு பக்கம் போராட்டம் ஒரு பக்கம் என்ற பிரிவை எல்லை காந்தி எனப்படும் கான் அப்துல் கஃபார் கானிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்தே இருக்காது. அவர் 1929இல் தொடங்கிய இயக்கத்தின் பெயரே குதாய் கித்மத்கார், அதாவது இறைவனின் தொண்டர்கள். சேருகிறவர்கள் வன்முறையில் இறங்கமாட்டேன், பழிவாங்கமாட்டேன் என்று இறைவன் பெயரால் உறுதிமொழி எடுக்கவேண்டும், தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் சமூகப் பணி செய்வதும் அந்த உறுதிமொழியில் உண்டு. பழிக்குப் பழி என்பதைக் கௌரவமாக நினைத்த, பெஷாவர் பகுதியின் பஷ்தூன் மக்களிடையே இது நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் நிராயுதபாணியான கூட்டத்தை ஆங்கிலேயப் படை சுட்டது. அப்போது அந்தப் படையிலேயே இருந்த கார்வாலி எனும் இந்திய வீரர்கள் சிலர் சுட மறுத்து, அதற்காகத் தண்டனையும் அனுபவித்தார்கள். அந்த இயக்கத்தில் அன்றாடத் தொண்டு பயிற்சிக்களமாகவே இருந்தது. நீங்கள் ஏழு வருடம் உட்கார்ந்து பழகியதும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன், ஒப்பந்ததாரர் குரலை உயர்த்தும்போது உங்கள் குரல் உயராமல் இருக்க அது உதவும்.

பனித்துளி:
நான் பெரியவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். இப்படி ஒரு வேலையில் ஆறு வருடம் இறங்கியிருந்தேன், பிரார்த்தனைக்கு நேரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அதைத்தான் விட்டேன். கடைசியில் கோபம் மட்டும் மிஞ்சியது, யாருக்காக வேலை செய்தேனோ அவர்களிடமே எரிந்து விழுந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. போங்கள், கட்டாயம் போங்கள், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

வேம்பு:
எல்லாரும் குழுவைப் பற்றியே பேசுகிறோம். அந்த நான்கு பெண்களிடம் யாராவது கேட்டீர்களா? புகார் கொடுத்தால் வேலை போவது அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் காந்திய வழியில் வந்த தம்பதி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பகுதிக்கே போய், அந்த மக்களோடு இருந்து வேலை செய்தார்கள். ஆறுதல் வார்த்தையோடு நிற்கவில்லை, அந்த மக்களுக்கு நிலம் கிடைக்க உழைத்தார்கள். 1981இல் உழுபவர்களுக்காக லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களோடு பேசி விலைக்கு நிலம் வாங்கி, பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். என்ன வேண்டும் என்பதை முதலில் காதுகொடுத்துக் கேளுங்கள், அப்புறம் திட்டம் போடலாம்.

தென்றல்:
வேம்பு, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது, நாங்கள் கேட்கவே இல்லை. நேற்று நானும் இன்னொரு தோழியும் போய் அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். ஒப்பந்ததாரரிடம் பேச வேண்டாமாம், ஏற்கெனவே நாலு முறை பேசிப் பார்த்துவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க ஒரு மனுவும் எழுதி வைத்திருக்கிறார்கள். "எங்களுக்காக நீங்க பேச வேணாம், கூட வந்து உட்காருங்க, தனியா போனா உள்ளேயே விடமாட்டேங்குறாங்க" என்றார் மூத்த அம்மா. வியாழக்கிழமை ஆறு பேர் போகிறோம், குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மற்றவர்கள் அதே நேரத்தில் மௌனத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மணல்வீடு சொன்னபடி இன்று காலை பெரியவர் வீட்டுக்கும் போனேன். அவர் வரவில்லை என்றுதான் சொன்னார், ஆனால் கிளம்பும்போது வாசல்வரை வந்து, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.