பீட் புகைக்கு ஒரு சொல்: ‘மட்குப்புகை’

அன்புள்ள நண்பர்களே,

விஸ்கியின் சுவைக் குறிப்புகளில் வரும் ‘பீட்டட்’ (peated, பீட் புகையேறிய) என்பதற்குத் தமிழில் ‘கரிச்சுவை’ என்று முன்மொழியப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பீட் கரி அன்று. நீர் தேங்கிய சதுப்பில் காற்றுப்படாமல் பாதி மட்கிய பாசியும் புல்லும் புதர்ச்செடியும் படிந்து இறுகியது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் அதைக் கட்டி கட்டியாக வெட்டி, உலர்த்தி எரிக்கிறார்கள். முளைவிட்ட பார்லியை, அதாவது மால்ட்டை, சூளையில் உலர்த்தும்போது அந்தப் புகை தானியத்தின் உமியில் படிகிறது. அங்கே தங்கும் ஃபீனால், கிரெசால், குவாயகால் முதலிய சேர்மங்களே பின்னர் வடித்த மதுவுக்குள் வருகின்றன. ஆகவே பீட்டைச் ‘சதுப்பு மட்கு’ என்றும், அதன் புகையை ‘மட்குப்புகை’ என்றும் அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. நீலகிரியின் உயர்மலைச் சதுப்புகளிலும் சதுப்பு மட்கு படிந்திருக்கிறது. அதைக் கொண்டு பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய்வோருக்கும் இச்சொல் உதவும்.

வெறும் ‘புகைச்சுவை’ போதாது. விறகுப் புகையை நினைவூட்டுவது குவாயகால். லஃப்ரோயக் போன்ற ஐலா விஸ்கிகளில் மூக்கைத் தாக்கும் மருந்து நெடிக்குக் கிரெசால்கள் பெரிதும் காரணம். அந்த நெடியையும் உள்ளடக்கும் சொல்லே நமக்குத் தேவை.

செய்முறையையும் சுவையையும் பிரித்துச் சொல்வது அதைவிட முக்கியம். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று வடிசாலைகள் குறிப்பிடும் ஃபீனால் அளவு பெரும்பாலும் மால்ட்டில் அளக்கப்பட்டதே தவிர, கோப்பையில் இருப்பதன்று. ஊறலிலும் வடித்தலிலும் அதில் கணிசமான பகுதி போய்விடுகிறது. பீப்பாயில் ஆண்டுகள் செல்லச் செல்ல எஞ்சியதும் தணிகிறது. 1964இல் வடிக்கப்பட்டு, ஒலொரோசோ ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய்களில் முதிர்ந்து, 1993இல் முதன்முறையாக வெளிவந்த பிளாக் பவ்மோர் என்னும் ஐலா விஸ்கி இதற்குத் தக்க சான்று: அதைச் சுவைத்தோரின் குறிப்புகளில் மாம்பழமும் அன்னாசியும் உலர்திராட்சையும் முன்னே நிற்க, புகை அவற்றின் பின்னே மெல்லத் தெரிகிறது. எனவே மால்ட்டுக்கு ‘மட்குப்புகையேற்றிய’ என்ற அடைமொழியும், நாவும் மூக்கும் உணர்வதற்கு ‘மட்குப்புகைச் சுவை’ என்பதும் தனித்தனியே வேண்டும். சுவைக்கும்போது சில துளி நீர் விடும் வழக்கத்தையும் இங்கே கருதலாம். நீர்த்த விஸ்கியில் குவாயகால் மேற்பரப்பை நாடுகிறது என்று 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியின் வழியே காட்டினர். மால்ட்டில் ஏறிய புகை மாறாதபோதும், கோப்பையில் நாம் உணரும் புகை இவ்வாறு மாறக்கூடும்.

‘ஷெர்ரி’ என்பதில் கிரந்த எழுத்தை விலக்க வேண்டா. ‘செர்ரி’ என்று எழுதினால் எல்லாரும் பழத்தையே நினைப்பார்கள். ‘ஷெர்ரிப் பீப்பாயில் முதிர்ந்த’ என்றால் போதும்.

‘மட்கு’ தோட்டத்து உரத்துக்கு வழங்கும் சொல்லாயிற்றே என்ற மறுப்பு எழலாம். தனியே வரும்போது ‘சதுப்பு’ என்ற முன்னொட்டை விடாமல் எழுதினால் அந்தக் குழப்பம் நேராது. ‘மட்குப்புகை’ என்னும் கூட்டுச்சொல்லுக்கோ உரத்தோடு மயங்க இடமே இல்லை.