'காலத்தேர்' வேண்டாம், 'கடுந்தேர்' வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

கால எந்திரத்துக்குக் (time machine) 'காலத்தேர்' என்ற தமிழ்ச்சொல்லை ஐயா ஒருவர் முன்மொழிந்ததைப் படித்தேன். காதுக்கு இனிய சொல்தான். ஆனால் நான் எழுதிவரும் கதையில் அது ஒத்துவரவில்லை.

கதையில் ஒரு பெண் கி.மு. 1274இல், இன்றைய சிரியாவில் உள்ள காதேசுப் போர்க்களத்தின் ஓரத்தில் வந்து இறங்குகிறாள். எகிப்தின் இரண்டாம் ராம்செசும், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மன்னன் முவத்தள்ளியும் மோதிய போர் அது. அவள் ஏறி வந்த எந்திரமும் தேர், எதிரே புழுதி கிளப்பி வருவதும் தேர் என்றால் வாசகர் குழம்பிப்போவார்.

சரி, குதிரை பூட்டியதை மட்டும் 'தேர்' என்று விட்டுவிடலாமா? அதிலும் சிக்கல் இருக்கிறது. தேர் என்றதும் நம் மனத்தில் வருவது வடம் பிடித்து இழுக்க அசைந்து அசைந்து வரும் திருவாரூர்த் தேர். எகிப்தியப் போர்த்தேரோ வளைத்த மரத்தாலான மிக இலேசான வண்டி. இரண்டே சக்கரம், சக்கரத்துக்குப் பெரும்பாலும் ஆறு ஆரக்கால். தளத்தில் பலகை கிடையாது. கயிற்றுக்கட்டில் போலத் தோல்வாரால் பின்னியிருப்பார்கள். குதிரை பாயும்போது அதிர்ச்சியை அந்தப் பின்னல் வாங்கிக்கொள்ளும், நிற்பவன் அம்பு விடலாம். அச்சைத் தளத்தின் பின்விளிம்புக்குக் கீழே வைத்ததால் வேகமாகத் திரும்பும்போதும் எளிதில் கவிழாது.

இதற்குக் 'கடுந்தேர்' என்பது என் முன்மொழிவு. புதிதாகக் கட்டிய சொல் அன்று. புறநானூற்றின் 15ஆம் பாட்டு 'கடுந்தேர் குழித்த ஞெள்ளல்' என்றுதான் தொடங்குகிறது: விரைந்தோடிய தேர்கள் குழியாக்கிய தெரு. 'கடு' என்றால் கடுமை என்று இன்றைய வாசகர் எடுத்துக்கொள்வாரே என்று கேட்கலாம். 'கடுகி வந்தான்' (விரைந்து வந்தான்) என்ற வழக்கை இன்னும் நாம் மறக்கவில்லை. ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வார்.

அப்புறம், 'ஊர்' (Ur) என்ற பழைய சுமேரிய நகரத்து அரச கல்லறையில் கிடைத்த சித்திரப் பலகையில் உள்ள வண்டிகள். கி.மு. 2500 வாக்கில் செய்தது. அவற்றுக்கு நான்கு சக்கரம், ஆரக்கால் இல்லாத பலகைச் சக்கரம். இழுப்பவை கழுதை இன விலங்குகள். ஆங்கிலத்தில் இதையும் 'சாரியட்' என்றே சொல்லிவிடுகிறார்கள். நாம் ஏன் அந்தக் குழப்பத்தைக் கடன் வாங்க வேண்டும்? இதற்குச் 'சகடம்' போதும். கதைநாயகி அந்த 'ஊர்' நகரத்திலிருந்து காதேசுக்குத் தாவும்போது, நடுவில் ஓடிய ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் அந்த இரண்டு சொற்களிலேயே தெரிந்துவிடும்.

கால எந்திரத்துக்கு வருகிறேன். 'காலவூர்தி' என்று வைத்துக்கொள்ளலாம். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. பாகன் ஓட்டாமலே வானில் செல்லும் ஊர்தி! காலப்பயணத்துக்கு இதைவிட நல்ல தாய்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஓட்டுபவருக்கும் 'வலவர்' என்ற சொல் அங்கேயே இருக்கிறது. கடுந்தேருக்கும் காலவூர்திக்கும் அதுவே பொது. காதேசில் எகிப்தியத் தேரில் வலவனும் வில்லாளியுமாக இருவர், ஹிட்டைட் தேரில் கேடயம் பிடிப்பவனோடு மூவர்.

ஆரக்கால், குடம், அச்சு, நுகம் எல்லாம் மாட்டுவண்டிப் பட்டறையிலேயே இருக்கின்றன. அந்தத் தோல்வார்த் தளத்துக்கு மட்டும் சொல் இல்லை. இப்போதைக்கு 'வார்ப்பின்னல்' என்று எழுதியிருக்கிறேன். கட்டில் பின்னுகிறவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.