மறு: 'ரீபூட் பெண்டிங்' – தமிழில் என்ன போடலாம்?

அன்புள்ள மென்பொருள் தமிழாக்கக் குழுவினருக்கு, வணக்கம்.

> நிறுவல் முடிந்ததும் வரும் 'ரீபூட் பெண்டிங்' செய்திக்கு 'மறுதொடக்கம் நிலுவையில் உள்ளது' என்று போட்டிருக்கிறேன். சரிதானா, ஐயா?

இலக்கணப்படி சரி, தம்பி. ஆனால் நிலுவையில் நிற்பது மறுதொடக்கம் இல்லையே. ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் கோணல். நாமும் கூடச் சேர்ந்து வளைய வேண்டாம் என்பது என் கட்சி.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் சொல் தானாக வந்துவிடும். விண்டோஸில் ஒரு நிரல் ஓடும்போது அதன் கோப்பும், அது ஏற்றிவைத்திருக்கும் டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகம்) கோப்புகளும் நினைவகத்தோடு பிணைந்திருக்கும். அப்படிப் பிணைந்த கோப்பை அழிக்கவோ அதன்மேல் எழுதவோ விண்டோஸ் விடாது. நிறுவியோ (இன்ஸ்டாலர்) அதே கோப்பின் புதிய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. என்ன செய்யும்? புதியதை வேறொரு தற்காலிகப் பெயரில் வட்டில் வைத்துவிட்டு, மூவ்ஃபைல்எக்ஸ் என்ற செயற்கூறை (ஃபங்ஷன்) 'அடுத்த தொடக்கம் வரை தள்ளிவை' என்ற குறியோடு அழைக்கும்.

அப்போது எந்தக் கோப்பும் இடம் மாறாது. ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) செஷன் மேனேஜர் என்ற கிளையின் கீழ் 'பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்' என்று ஒரு மதிப்பு இருக்கிறது, திறந்து பாருங்கள். வரிகள் இரண்டிரண்டாக இருக்கும். முதல் வரி இப்போதைய பெயர், அடுத்தது மாற வேண்டிய பெயர். இரண்டாவது வரி காலியாக இருந்தால் 'அழித்துவிடு' என்று பொருள். கணினி அடுத்த முறை எழும்போது, வட்டுச் சோதனை முடிந்த கையோடு, பக்கக் கோப்புகள் (நினைவகம் போதாதபோது வட்டில் கைகொடுப்பவை) உருவாகும் முன்பே, செஷன் மேனேஜர் என்ற தொடக்க நிரல் இந்தப் பட்டியலை வரிசையாக முடித்துக் கொடுக்கும். வழக்கமான நிரல் எதுவும் அப்போது எழுந்திருக்காது. அதனால் கோப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று சொல்லவும் யாரும் இல்லை. விண்டோஸ் 95, 98 காலத்தில் இதே வேலைக்கு விண்இனிட் என்ற சாதாரண உரைக்கோப்பு இருந்தது. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கலாம்.

அந்த மதிப்பின் பெயரை மறுபடி பாருங்கள். 'பெண்டிங்' என்ற அடைமொழி கோப்புப் பெயர்மாற்றத்துக்குத்தான் போடப்பட்டிருக்கிறது, மறுதொடக்கத்துக்கு இல்லை. மறுதொடக்கம் நிலுவையைத் தீர்க்கும் வழி, அவ்வளவுதான். ஆகவே என் பரிந்துரை: நிலுவை மாற்றம். செய்தி இப்படி வரும்: 'நிறுவல் முடிந்தது. நிலுவை மாற்றங்கள் உள்ளன. கணினியை மறுதொடக்கம் செய்யவும்.'

'முடிந்தது' என்பதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் இன்ஸ்டாலர் இந்த நிலையில் 3010 என்ற எண்ணைத் திருப்பித் தரும். அது பிழை எண் இல்லை. 'வெற்றி, ஆனால் மறுதொடக்கம் தேவை' என்பதுதான் அதன் பொருள். பூஜ்யம் வராவிட்டால் தோல்வி என்று எண்ணி எழுதப்பட்ட தானியங்கி நிரல்கள், நன்றாக முடிந்த நிறுவலை மறுபடி மறுபடி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மனிதர்களும் அப்படித்தான்: 'நிலுவை' என்ற சொல்லை மட்டும் பார்த்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று பதறுவார்கள்.

> 'ஒத்திவைத்த மாற்றம்' இன்னும் தெளிவாக இருக்காதா?

யோசித்தேன். ஒத்திவைப்பதற்கு ஒருவர் வேண்டும். நீதிபதி வழக்கை ஒத்திவைக்கிறார், தலைவர் கூட்டத்தை ஒத்திவைக்கிறார். இங்கே பயனர் எதையும் ஒத்திவைக்கவில்லை. பொத்தானில் 'பிறகு' என்று ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினால் அதுதான் ஒத்திவைப்பு. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம். 'நிலுவை' வரிப்பாக்கியிலும் வழக்குக் கணக்கிலும் எல்லோரும் கேட்ட சொல். யாருக்கும் அகராதி தேவைப்படாது.

> இதெல்லாம் எதற்கு? 'அணைத்துவிட்டுப் போடவும்' என்றால் யாருக்கும் புரியும்.

புரியும், அண்ணே. ஆனால் வேலை நடக்காது! விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'விரைவுத் தொடக்கம்' என்ற ஒன்று பெரும்பாலான கணினிகளில் இயல்பாகவே இயங்குகிறது. அது இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தால் பயனரின் நிரல்கள்தான் மூடப்படும். கருனியும் (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) இயக்கிகளும் (டிரைவர்கள்) இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் காலையில் அப்படியே திரும்ப எழும். முழுக்கப் புதிதாகத் தொடங்குவது 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டுமே. உதவிமையத்தில் இருப்பவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடம்: 'நேற்று ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானே போனேன் சார், இன்னும் அதே செய்தி வருதே.' அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கருனி தூங்கி எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 'அணைத்துப் போடு' வேண்டவே வேண்டாம்.

'மறுதொடக்கம்' என்பதற்குப் பதிலாக இலங்கை நண்பர் சொன்ன 'மீள்தொடக்கம்' எனக்கு உடன்பாடே. 'மறு'வும் 'மீள்'உம் அவரவர் வழக்கு. ஒரே மென்பொருளுக்குள் இரண்டும் கலக்காமல் இருந்தால் போதும். ஒன்று மட்டும்: நிரலை மட்டும் மூடித் திறப்பதற்கும் கணினியையே மறுபடி தொடங்குவதற்கும் வேறுபாடு தெரிய வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ரீஸ்டார்ட் மேனேஜர் என்ற வசதி இருக்கிறது. எந்த நிரல் அந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மூடி, வேலை முடிந்ததும் திறந்துவிட முயலும். பல நேரம் கணினியைத் தொட வேண்டிய தேவையே வராது. அங்கே வெறும் 'மறுதொடக்கம்' என்று போட்டால் பயனர் திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூட ஆரம்பித்துவிடுவார். 'நிரலை மறுதொடக்கு', 'கணினியை மறுதொடக்கு' என்று முழுதாக எழுதிவிடுவோம். நீளமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

அன்புடன்.

---

மறு: மறு: 'ரீபூட் பெண்டிங்' – தமிழில் என்ன போடலாம்?

ஐயா, வணக்கம். 'நிலுவை மாற்றம்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் மொழிபெயர்ப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஒரு கருவி. அங்கே இது பொருந்தாது.

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பையும் மாற்றிவிடலாம். அடைவில் இருக்கும் பெயர் வாசலில் மாட்டிய பலகை மாதிரி. பலகையைக் கழற்றிப் பக்கத்தில் கட்டிய புது வீட்டில் மாட்டிவிட்டாலும், பழைய வீட்டில் குடியிருப்பவர் காலி செய்யும்வரை அது இடிபடாது. பழைய கோப்பை யாராவது திறந்து வைத்திருக்கும்வரை அதன் தரவு வட்டில் இருக்கும். புதிதாகத் திறப்பவருக்கு மட்டும் புதுக் கோப்பு கிடைக்கும். ஆக வட்டில் எந்த மாற்றமும் நிலுவையில் இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது. நினைவகத்தில்தான் பழையது ஓடிக்கொண்டிருக்கிறது.

பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தைப் புதுப்பித்தால் இதுதான் தலைவலி. கிட்டத்தட்ட எல்லா நிரலும் அதைப் பிடித்திருக்கும். ஒவ்வொன்றாக மூடித் திறப்பதைவிடக் கணினியையே மறுதொடக்குவது எளிது. கருனி என்றால் வேறு வழியே பெரும்பாலும் இல்லை. உபுண்டு அப்போது 'ரீபூட் ரிக்வயர்ட்' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி வைக்கும். அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் என் கருவி செய்தி காட்டுகிறது.

இதற்கு 'பழம்பிரதி ஓட்டம்' என்று சொல்லலாமா?

---

மறு: மறு: மறு: 'ரீபூட் பெண்டிங்' – தமிழில் என்ன போடலாம்?

தம்பி சொல்வது சரி, இரண்டும் வேறு வேறு நிலைதான். விண்டோஸில் வட்டு பழையது, லினக்ஸில் நினைவகம் பழையது. 'நிலுவை மாற்றம்' முதலாவதற்கு மட்டும்.

'பழம்பிரதி' வேண்டாம். ஓலைச்சுவடி ஞாபகம் வருகிறது. இதற்குத் தனிச் சொல்லே தேவையா என்றும் தோன்றுகிறது. 'புதிய பதிப்பு நிறுவப்பட்டது. பழைய பதிப்பு இன்னும் ஓடுகிறது.' இதைவிடத் தெளிவாக எந்தக் கலைச்சொல் சொல்லிவிடும்? கீழே 'கணினியை மறுதொடக்கு' பொத்தான். எந்த மென்பொருள் தொகுப்புகளால் இந்தத் தேவை வந்தது என்ற பட்டியலும் பக்கத்திலேயே இன்னொரு கோப்பில் இருக்குமே, அதையும் காட்டிவிடுங்கள். கருனியா ஜிலிப்சியா என்று தெரிந்தால், உடனே செய்வதா மாலையில் செய்வதா என்று வழங்கி (சர்வர்) நிர்வாகியே முடிவு செய்துகொள்வார்.

கருனியை நிறுத்தாமலே ஒட்டுப் போடும் 'லைவ் பேட்ச்' வசதி 2015இல் வந்த லினக்ஸ் 4.0 முதல் இருக்கிறது. அதற்கு நம் பட்டியலில் சொல் இல்லை. 'ஓட்டத்திலேயே ஒட்டு' என்று யாரோ முன்பு எழுதிய ஞாபகம். அதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே கலக்க வேண்டாம்.

'நிலுவை மாற்றம்' பற்றி மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.