புற்றுச் செல்களின் ஒட்டுந்தன்மை: ஒரு முரணைப் புரிந்துகொள்ள உதவி தேவை

வணக்கம். செல் உயிரியலும் நோய்க்குறியியலும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் இந்த ஐயத்தை முன்வைக்கிறேன்.

உறுப்புகளின் பரப்புகளைப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் ஈ-கேட்ஹெரின் என்னும் புரதம் குறைந்தால், அவை கட்டவிழ்ந்து அருகிலுள்ள திசுவுக்குள் ஊடுருவும் என்று படித்திருக்கிறேன். மார்பகத்தின் மடல்வகைப் புற்றுநோய் (பால் சுரக்கும் மடல்களின் பெயரால் அழைக்கப்படுவது) இதற்குத் தெளிவான சான்று. அப்புரதத்தை இழந்த செல்கள், நுண்ணோக்கியில் பார்க்கும்போது, எறும்புச் சாரைபோல நார்த்திசுவுக்கிடையே ஒற்றை வரிசையில் நிற்கின்றன. இதுவரை குழப்பமில்லை.

ஆனால் மார்பகத்தின் நாளவகைப் புற்றுநோய் (பால் நாளங்களின் பெயரால் அழைக்கப்படுவது) பிற உறுப்புகளுக்குப் பரவிய இடங்களில் பெரும்பாலும் அதே புரதம் குறையாமல் காணப்படுகிறது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், எலிகளின் மார்பகப் புற்றுச் செல்களிலிருந்து அதை நீக்கியபோது ஊடுருவல் கூடியது. ஆயினும் செல்கள் பிழைக்காமல் மடிந்ததால் பரவல் குறைந்தது. இரத்தத்தில் கொத்தாக மிதக்கும் புற்றுச் செல்கள் தனிச் செல்களைவிட 20 மடங்குக்கும் மேலான பரவல் திறன் கொண்டவை என்கிறது 2014ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு. அப்படியானால் பரவலுக்குத் துணைபோவது பிடி தளர்வதா, விடாமல் பிடித்திருப்பதா? 'கட்டத்துக்குக் கட்டம் மாறும்' என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. எது அந்த மாற்றத்தைத் தூண்டுகிறது என்பதே என் கேள்வி.

இன்னொன்று: திசு மாதிரியில் சாயமேற்றிப் பார்த்தால் புரதம் இருப்பது தெரிகிறது, ஆனால் இருப்பது வேறு, இறுகப் பற்றுவது வேறு அல்லவா? அந்தப் பிடியின் வலிமையை ஆய்வகத்தில் அளந்த அனுபவமுள்ளவர்கள், எந்த முறையை நம்பலாம் என்று விளக்கினால் நன்றியுடையவனாவேன்.